லாக்டோஸும் கோலிக்கும்: அழும் குழந்தைக்காக எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

கைக்குழந்தை தினமும் சாயங்காலமானால் காலை மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க, மணிக்கணக்கில் அழுகிறது. பால் குடிக்கிறது, எடையும் கூடுகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு ‘கோலிக்தான், பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறார். அதற்குப் பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. பால் செரிக்கவில்லை என்கிறார் ஒருவர். பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் சொட்டு கொடுத்துப் பாருங்கள் என்கிறார் இன்னொருவர். பவுடர் பாலை லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லாததாக மாற்றச் சொல்கிறார்கள். அம்மா பால், தயிரை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். மூன்று மாதம் பொறுத்தால் தானாகப் போய்விடும் என்றும் சொல்கிறார்கள்.

இவை எல்லாம் ஒரே பிரச்சினைக்கான பல தீர்வுகள் போலத் தெரியும். அப்படி அல்ல. ஒவ்வொன்றும் அழுகைக்கு வெவ்வேறு காரணம் இருப்பதாக வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு. ஒன்று பால் சர்க்கரையைக் குற்றம் சொல்கிறது, இன்னொன்று பால் புரதத்தை, மற்றொன்று யாரையுமே சொல்வதில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் தவறான டப்பாதான் கைக்கு வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாக்டோஸ் சில குழந்தைகளின் கோலிக்கில் ஒரு பங்கு வகிக்கலாம், ஆனால் பெரும்பாலோருக்கு அது முக்கியக் காரணம் அல்ல. அதனால் எளிதில் திரும்பப் பெறக்கூடிய மாற்றத்தை முதலில் செய்து பார்க்கலாம். திரும்பப் பெறக் கடினமான மாற்றத்தை, குறிப்பாகத் தாய்ப்பாலை நிறுத்துவதை, அழுகையை மட்டும் காரணமாக வைத்துச் செய்யக் கூடாது.

முதலில் விலக்க வேண்டியவை

எந்த ஒப்பீடும் ‘இது கோலிக்தான்’ என்று உறுதியான பிறகுதான் பொருந்தும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், எடை கூடாமை, வீங்கிய உச்சிக்குழி, பாலே குடிக்காமல் துவண்டு போவது, தொடையிடுக்கில் வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் சொட்டு மருந்து பற்றிய பேச்சுக்கே இடமில்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதுவரை இப்படி அழாத குழந்தை திடீரென ஒருநாள் வீறிட்டு அழுது நிறுத்தவே இல்லை என்றாலும் அப்படித்தான். கால் விரலில் தலைமுடி சுற்றி இறுகியிருப்பது போன்ற சின்ன விஷயம்கூட இப்படி அழ வைக்கும். சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கோலிக் என்பதற்கு 1954இல் வெசல் என்ற குழந்தை மருத்துவரின் குழுவினர் கொடுத்த வரையறை இன்றும் பலருக்கு நினைவிருக்கும்: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுவது. 2016இல் வந்த, செரிமானக் கோளாறுகளுக்கான ரோம் 4 வரையறை மணிக்கணக்கை அவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்வதில்லை. ஐந்து மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, வெளிப்படையான காரணம் இல்லாமல், சமாதானப்படுத்த முடியாதபடி அடிக்கடி நீண்ட நேரம் அழுகிறது, ஆனால் காய்ச்சலோ நோயோ வளர்ச்சிக் குறைவோ இல்லை என்றால் கோலிக். அதாவது கோலிக் ஒரு நோயின் பெயர் அல்ல, ஒரு நிலைமையின் வர்ணனை. உள்ளே பல காரணங்கள் ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. லாக்டோஸ் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் கேள்வியே.

லாக்டோஸ் மீது ஏன் சந்தேகம்?

லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக உடைத்தால்தான் உடல் அதை எடுத்துக்கொள்ள முடியும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன், கரியமில வாயு போன்றவற்றையும் அமிலங்களையும் உண்டாக்குகின்றன. கூடவே அந்தச் சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கிறது. வாயு, உப்புசம், இளகிய மலம், அழுகை என்று நம் மனம் வேகமாகக் கோடு போட்டுவிடுகிறது.

அந்தக் கோடு முழுக்க கற்பனை அல்ல. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலில் 4.7 கிராம் அளவுக்குத்தான். நாளுக்கு 800 மில்லி குடிக்கும் 5 கிலோ குழந்தை 56 கிராம் லாக்டோஸை எடுத்துக்கொள்கிறது. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள பெரியவர் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் தினமும் 14 லிட்டர் பசும்பால் குடிக்க வேண்டும். அவ்வளவு லாக்டோஸையும் ஒரு பச்சிளங்குழந்தையின் குடல் கையாள்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு லாக்டேஸ் இன்னும் முழு அளவுக்கு வந்திருக்காது, ஏனென்றால் அது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் வேகமாகக் கூடுகிறது.

ஆகவே முதல் சில மாதங்களில் கொஞ்சம் லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போவது நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் நடப்பதுதான். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அப்படிப் போன சர்க்கரை வீணாவதில்லை. பாக்டீரியாக்கள் அதிலிருந்து உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்களைக் குழந்தையின் உடல் மறுபடி உறிஞ்சிச் சக்தியாக்கிக்கொள்கிறது. பைஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிரிகளுக்கும் அது உணவாகிறது. ‘செரிக்கவில்லை’ என்ற சொல்லைக் கேட்டதும் பதற வேண்டியதில்லை.

1988இல் வெளியான ஓர் ஆய்வு, கோலிக் உள்ள குழந்தைகளின் மூச்சில் ஹைட்ரஜன் அதிகமாக இருப்பதைக் கண்டது. லாக்டோஸ் கட்சிக்கு இது வலுவான சான்று போலத் தெரியும். ஆனால் மூச்சில் வரும் ஹைட்ரஜன் எவ்வளவு லாக்டோஸ் உடையாமல் போனது என்பதை மட்டும் காட்டுவதில்லை, அந்தக் குடலில் எந்த வகை பாக்டீரியா குடியிருக்கிறது என்பதையும் காட்டுகிறது. ஒரே அளவு சர்க்கரையிலிருந்து ஒரு குடல் அதிக வாயுவையும் இன்னொன்று குறைந்த வாயுவையும் உண்டாக்கலாம்.

எதிர்த்தரப்பிலும் ஒரு வலுவான வாதம் உண்டு. லாக்டோஸ்தான் முக்கியக் காரணம் என்றால், குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் அழ வேண்டும். கோலிக் அழுகையோ பெரும்பாலும் சாயங்காலம், இரவின் முற்பகுதி என்று நேரம் பார்த்து வருகிறது. மூன்று, நான்கு மாதத்தில் குழந்தை இன்னும் அதே லாக்டோஸைத்தான், சொல்லப்போனால் அதிகமாகவே குடிக்கிறது, ஆனால் அழுகை அடங்கிவிடுகிறது. குடலும் நொதியும் முதிர்ந்துவிட்டன என்று இதற்குப் பதில் சொல்லலாம். நரம்பு மண்டலம் முதிர்ந்துவிட்டது என்றும் அதே தைரியத்தோடு சொல்லலாம்.

இன்னொரு பொதுவான குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘எனக்கும் பால் ஒத்துக்கொள்ளாது, அதுதான் குழந்தைக்கும் வந்துவிட்டது’ என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை என்பது குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நொதி மெல்ல மெல்லக் குறைவதால் வருவது. அந்த மரபு இருக்கும் குழந்தைக்கும் முதல் வருடத்தில் லாக்டேஸ் நன்றாகவே வேலை செய்யும். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத நிலை வேறு, அது மிக அரிது. ஃபின்லாந்தில்தான் அதிகம் காணப்படுகிறது, அங்கேயே சுமார் 60,000 பிறப்புகளில் ஒன்று. அந்தக் குழந்தை சாயங்காலம் அழுதுவிட்டுக் காலையில் சிரிக்காது. முதல் நாட்களிலேயே கடும் தண்ணீர் வயிற்றுப்போக்கு வந்து உடல் வற்றிப்போகும்.

காலம் செய்யும் வேலை

தேர்வுகளை ஒப்பிடுவதற்கு முன் காத்திருத்தல் என்ற தேர்வை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிட்டாக வேண்டும்.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, முதல் ஆறு வாரங்களில் குழந்தைகள் சராசரியாக நாளுக்கு சுமார் 2 மணி நேரம் அழுவதாகவும், 10 முதல் 12 வாரத்துக்குள் அது ஒரு மணி நேரத்துச் சொச்சமாகக் குறைவதாகவும் காட்டியது. கோலிக் எனச் சொல்லத்தக்க குழந்தைகள் முதல் ஆறு வாரத்தில் 17 முதல் 25 சதவீதம், 10 முதல் 12 வாரத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இப்போது யோசித்துப் பாருங்கள். பெற்றோரின் பொறுமை தீர்வது உச்சத்தில், அதாவது ஐந்தாறு வாரத்தில். அப்போது எதையாவது ஆரம்பிக்கிறார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் அழுகை குறைகிறது. கொடுத்தது எதுவாக இருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். ‘எங்க குழந்தைக்கு இதுதான் கேட்டது’ என்று அவரவர் சத்தியம் செய்யும் மருந்துகள் இத்தனை வகையாக இருப்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

காத்திருப்பதில் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. விலை கொடுப்பது பெற்றோர். தூக்கமின்மை, ஆற்றாமை, தாய்க்கு மனச்சோர்வு. இதைச் சின்ன விஷயமாக ஒதுக்கிவிடும் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அழுகை தாங்க முடியாத கணத்தில் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடம் வெளியே போய் நிற்பதில் தப்பே இல்லை. எந்தக் கோபத்திலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது, அது மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால் காத்திருத்தல் ஒரு நல்ல தேர்வு. தனியாக ஒருவரே சுமக்கும் வீட்டில் அது வெறும் அறிவுரை. அங்கே ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்கும் உரிமையைப் பெற்றோரிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை. ஆனால் எதை என்பதுதான் முக்கியம்.

பால் கொடுக்கும் முறையை மாற்றுவது

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு லாக்டோஸ் தொடர்பான முதல் மாற்றம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன், ஆனால் ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும். பால் மிக அதிகமாகச் சுரக்கும் தாய்மாரின் குழந்தை சில சமயம் மூச்சுத் திணறத் திணறக் குடிக்கும், எடை வேகமாகக் கூடும், வாயு நிறையப் போகும், மலம் பச்சையாக நுரைத்துக்கொண்டு வரும். 1988இல் வுல்ரிட்ஜ், ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை லாக்டோஸ் மிகைச்சுமை என்று விளக்கினார்கள். குழந்தை ஒரு பக்கத்தை முடிக்கும் முன் மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டால் அதற்குக் கொழுப்பு குறைந்த பால்தான் அதிகம் கிடைக்கும். கொழுப்பு குறைந்தால் வயிறு சீக்கிரம் காலியாகும், லாக்டோஸ் ஒரே நேரத்தில் குடலுக்குள் கொட்டும்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. முன்பாலில், அதாவது குடிக்க ஆரம்பிக்கும்போது வரும் பாலில், லாக்டோஸ் அதிகம், கடைசியில் வரும் பின்பாலில் குறைவு என்று நினைக்கிறார்கள். லாக்டோஸ் அளவு ஏறக்குறைய கடைசிவரை ஒன்றுதான், மாறுவது கொழுப்பு. குழந்தைக்கு லாக்டேஸ் குறைவு என்றும் இதற்கு அர்த்தமில்லை. நொதி சரியாகவே இருக்கிறது, வேலைதான் ஒரே மூச்சில் குவிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது எளிது: ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விடும்வரை குடிக்க விட்டு, வேண்டுமானால் அப்புறம் மறுபக்கம். அடுத்தடுத்து சில மணி நேரம் ஒரே பக்கத்தில் கொடுக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் அது பால் சுரப்பையே குறைக்கும். உண்மையிலேயே பால் மிகுதியாக இருப்பவர்கள் மட்டும், தாய்ப்பால் ஆலோசகர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது, சில நாட்கள் செய்யலாம். எடை சாதாரணமாகவோ மெதுவாகவோ கூடும் குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

லாக்டேஸ் சொட்டு

லாக்டோஸைக் குறைக்காமல் அதை உடைக்கும் நொதியைக் கொடுப்பது இந்தத் தேர்வு. யோசனை அழகானது. சான்றுகள் கலவை.

1986இலும் 1990இலும் வந்த சிறு ஆய்வுகளில் லாக்டேஸால் அழுகை குறையவில்லை. 1998இல் 13 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், லாக்டேஸ் கலந்த பால் குடித்த நாட்களில் அழுகை சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது. 2001இல் 53 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. அதில் பாலை முன்கூட்டியே லாக்டேஸ் கலந்து வைத்துக் கொடுத்தார்கள். சுமார் நான்கில் ஒரு குழந்தைக்கு மூச்சு ஹைட்ரஜனும் அழுகையும் சேர்ந்து கணிசமாகக் குறைந்தன. மற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. நான் மேலே சொன்ன கருத்து இங்கிருந்துதான் வருகிறது: கோலிக் குழந்தைகளுக்குள் லாக்டோஸால் அவதிப்படும் ஒரு சிறுபான்மை இருக்கக்கூடும், வெளியிலிருந்து பார்த்து அவர்களைப் பிரித்தறிய வழி இல்லை. கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வுகள் இப்படி முரண்படுவதற்குக் கொடுக்கும் விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். நொதி வேலை செய்ய நேரமும் சரியான சூழலும் வேண்டும். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் லாக்டேஸ் வயிற்று அமிலத்தில் பலம் இழக்கும். புட்டிப்பாலில் சொட்டை விட்டு, லேபிளில் சொன்ன நேரம்வரை வைத்திருந்து கொடுத்தால் லாக்டோஸின் பெரும்பங்கு குழந்தையின் வாய்க்குப் போகும் முன்பே உடைந்துவிடும். நேரடியாகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கோ, கொஞ்சம் பாலைப் பீய்ச்சி, சொட்டைக் கலந்து, சில நிமிடம் கழித்துப் புகட்டிவிட்டு, பிறகு மார்பில் விடச் சொல்கிறார்கள். அந்தச் சில ஸ்பூன் பாலில் லாக்டோஸ் உடையும் என்பது நிச்சயம். அதற்குப் பின் குடிக்கும் முழுப் பாலிலும் வயிற்றுக்குள் அது எவ்வளவு உடையும் என்பது சந்தேகம். அதனால் புட்டிப்பால் குழந்தைக்கு இந்தத் தேர்வு அதிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன். சூடான பாலில் சொட்டை விட்டால் நொதி கெட்டுப்போகும், ஆறிய பிறகுதான் விட வேண்டும்.

இதன் பெரிய நன்மை, திரும்பப் பெற முடிவது. ஒரு வாரம் கொடுக்கலாம், நிறுத்தலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. குறை, ஒவ்வொரு பால் வேளையிலும் கூடுதல் வேலை. இரவு இரண்டு மணிக்கு வீறிடும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பாலைப் பீய்ச்சிச் சொட்டு எண்ணுவது லேபிளில் எழுதியிருப்பதுபோல அவ்வளவு சுலபமில்லை.

லாக்டோஸ் இல்லாத பவுடர் பால்

டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுதான் நேரடித் தீர்வு போலத் தெரியும். எனக்கு இதில் குறைவான நம்பிக்கைதான்.

இந்தப் பாலில் லாக்டோஸுக்குப் பதிலாகப் பெரும்பாலும் குளுக்கோஸ் சிரப் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். பால் புரதம் அப்படியே இருக்கும். ஆகவே குழந்தைக்குப் பசும்பால் புரத அலர்ஜி இருந்தால் இது ஒரு துளியும் உதவாது. லாக்டோஸ் குடலில் கால்சியம் உறிஞ்சப்படவும், நல்ல பாக்டீரியா வளரவும் உதவுகிறது. காரணமில்லாமல் அதை மொத்தமாக விலக்குவது கொடுக்கல் வாங்கலில் நஷ்டம். பல் முளைத்த பிறகும் தொடர்ந்தால் பற்சொத்தைக்கு வழி வைக்கும்.

இது உண்மையாகவே பயன்படும் இடங்கள் உண்டு. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடல் உட்சுவர் அடிபட்டு லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையும். அப்போது பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்குச் சில வாரங்கள் மருத்துவர் இதை எழுதிக்கொடுக்கலாம். அந்த நிலையிலும் தாய்ப்பால் குடிப்பவர்கள் தொடர்ந்து குடிக்கலாம். காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறைபாட்டில் லாக்டோஸையே கட்டாயம் விலக்க வேண்டும், அதைச் சிறப்பு மருத்துவர் தீர்மானிப்பார். இந்த இரண்டும் கோலிக் அல்ல.

தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதை மட்டும் ஒரு தேர்வாகவே நான் சேர்க்க மாட்டேன். சொட்டை இன்று நிறுத்தினால் நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கலாம். தாய்ப்பால் சுரப்பு வற்றிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. தவிர, தாய்ப்பால் குழந்தைகளுக்கும் பவுடர் பால் குழந்தைகளுக்கும் கோலிக் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது.

சில நேரம் மலத்தின் அமிலத்தன்மையையும் அதிலுள்ள சர்க்கரையையும் பரிசோதித்து ‘லாக்டோஸ் செரிக்கவில்லை’ என்று அறிக்கை வரும். முதல் மாதங்களில், குறிப்பாகத் தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு, நல்ல ஆரோக்கியத்திலும் மலம் அமிலமாக இருக்கலாம், சர்க்கரையும் தெரியலாம். நன்றாக வளரும் குழந்தைக்கு அந்த ஒரு தாளை வைத்துப் பாலை மாற்ற வேண்டாம்.

அம்மா பால் பொருட்களை நிறுத்துவது

இது லாக்டோஸுக்கான வைத்தியம் என்று நினைத்துச் செய்தால் வீண். தாய்ப்பாலில் இருக்கும் லாக்டோஸை மார்பகமே தயாரிக்கிறது. அம்மா ஒரு லிட்டர் பால் குடித்தாலும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காவிட்டாலும் அது 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம்தான். அம்மா லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறுவது இதைவிட வேடிக்கை. லாக்டோஸும் குறையாது, புரதமும் போகாது.

ஆனால் இதே மாற்றம் வேறொரு காரணத்துக்குச் சரியாக இருக்கலாம். பசும்பால் புரதத்தின் மிகச் சிறு அளவு தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அந்தப் புரதத்துக்கு அலர்ஜி உள்ள குழந்தை அழலாம். சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்: மலத்தில் சளி அல்லது ரத்தம், அடிக்கடி வாந்தி, உடம்பில் எக்ஸிமா என்ற தோல் அழற்சி, எடை சரியாகக் கூடாமை, குடும்பத்தில் அலர்ஜி வரலாறு. இவற்றில் ஏதாவது அழுகையோடு சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் பேசி அம்மா 2 முதல் 4 வாரம் பால் பொருட்களை முழுக்க நிறுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களில் கால்சியத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். அப்புறம் மறுபடி சாப்பிட்டு, அறிகுறி திரும்புகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் அம்மா மாதக்கணக்கில் தேவையில்லாத பத்தியம் இருக்கிறார்.

பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு அலர்ஜி சந்தேகம் இருந்தால், புரதம் நன்றாகச் சிதைக்கப்பட்ட சிறப்புப் பால் தரப்படும். அவற்றில் பலவற்றில் லாக்டோஸும் இருக்காது. அதனால் அதற்கு மாறி அழுகை நின்றால், நின்றது புரதம் போனதாலா லாக்டோஸ் போனதாலா என்று சொல்ல முடியாது. ‘லாக்டோஸ்தான் காரணம்’ என்ற தவறான தீர்ப்புகளில் சில இங்கிருந்து பிறக்கின்றன. ஆட்டுப்பால் அடிப்படையிலான பவுடர் இதற்கு மாற்று ஆகாது, இரண்டு புரதங்களும் மிக நெருக்கமானவை. சோயா பாலை ஆறு மாதத்துக்கு முன் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

லாக்டோஸுக்கு வெளியே

வாயுவுக்காகக் கொடுக்கும் சிமெத்திகோன் சொட்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1994இல் வெறும் போலிச் சொட்டோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. கெடுதல் இல்லை, பலனும் இல்லை. வயிற்றுவலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின் கலந்த மருந்து மட்டும் ஆறு மாதத்துக்குக் கீழே கூடவே கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு வந்திருக்கின்றன. வீட்டில் மூத்த குழந்தைக்கு வாங்கிய பழைய பாட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள்.

லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி டிஎஸ்எம் 17938 என்ற புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா உள்ள சொட்டு, கொஞ்சம் மரியாதைக்குரியது. நான்கு ஆய்வுகளில் இருந்த 345 குழந்தைகளின் தரவுகளைச் சேர்த்து 2018இல் செய்த பகுப்பாய்வில், தாய்ப்பால் குடித்தவர்களுக்கு 21ஆம் நாளில் போலிச் சொட்டைவிட நாளுக்கு சுமார் 25 நிமிடம் கூடுதலாக அழுகை குறைந்திருந்தது. பவுடர் பால் குழந்தைகளுக்குப் பலன் உறுதியாகவில்லை. 25 நிமிடம் என்பது அதிசயம் இல்லை, ஆனால் அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது கொஞ்ச நேரமும் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புரோபயாடிக்கும் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எந்த வரிசையில்?

நேரடியாகத் தாய்ப்பால் குடிக்கும், நன்றாக எடை கூடும், வேறு அறிகுறி எதுவும் இல்லாத குழந்தை என்றால்: பால் மிகுதியின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கொடுக்கும் முறையை மாற்றுவது. இல்லையென்றால் காத்திருப்பது, அல்லது அந்தப் புரோபயாடிக். லாக்டேஸ் சொட்டு அதற்குப் பிறகுதான்.

பவுடர் பால் குழந்தை என்றால் வரிசை மாறும். முதலில் பால் கலக்கும் அளவு சரியா, புட்டியின் துளை மிகப் பெரிதா சிறிதா என்று பாருங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்கு டப்பா மாற்றுவதைவிட அதிகப் பலன் இருக்கலாம். அடுத்து ஒரு வாரம் லாக்டேஸ் சொட்டு. அதில் தெளிவான மாற்றம் தெரிந்தால் தொடரலாம், லாக்டோஸ் இல்லாத டப்பாவுக்கு மாறத் தேவையே இல்லை. மாற்றம் தெரியாவிட்டால் லாக்டோஸ் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம், டப்பாவை மாற்றியும் பயன் இருக்காது.

அலர்ஜியின் அடையாளம் இருக்கும் குழந்தைக்கு லாக்டோஸ் கேள்வியில் நேரம் செலவழிக்க வேண்டாம். நேரே புரதத்துக்குப் போங்கள், மருத்துவரோடு.

எதைச் செய்தாலும் ஒரே சமயத்தில் இரண்டைச் செய்யாதீர்கள். ஆரம்பிப்பதற்கு முன் மூன்று, நான்கு நாள் அழுகை நேரத்தைக் குறித்து வையுங்கள். ஃபோனில் ஆரம்பித்த நேரமும் நின்ற நேரமும் போதும். தூக்கமில்லாத மூளை நேற்றைய அழுகையை இன்றைக்கு எண்ணிச் சொல்லாது. ஒரு வாரம் கொடுத்த பிறகு, நன்றாகத் தெரிகிறது என்று தோன்றினாலும், இரண்டு மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள். அழுகை பழைய அளவுக்குத் திரும்பினால் அந்த மாற்றத்துக்குப் பங்கு இருக்கிறது, மறுபடி ஆரம்பிக்கலாம். திரும்பாவிட்டால் காலம் தன் வேலையைச் செய்திருக்கிறது, சொட்டை அப்படியே விட்டுவிடலாம். சொட்டு உதவிய குழந்தைக்கும் அது மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. அந்தச் சமயத்தில் ஒருநாள் கொடுக்காமல் விட்டு, சாயங்காலம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.